பர்மா பிரிந்த கணக்கு

2016 ஜூன் 23ஆம் தேதி பிரிட்டன் மக்கள் வாக்களித்து, ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவது என்று முடிவு செய்தார்கள். விலகலுக்கு ஆதரவாக விழுந்த வாக்குகள் 51.9 சதவீதம். ஆனால் அந்நாடு உண்மையில் வெளியே வந்தது 2020 ஜனவரி 31 அன்று. அதன் பிறகும் அந்த ஆண்டு முடியும் வரை பழைய விதிகளே நடைமுறையில் இருந்தன. இடையில் இரண்டு பிரதமர்கள் பதவி இழந்தார்கள். "போகிறேன் என்று சொல்லியாயிற்று, போக வேண்டியதுதானே! இத்தனை வருஷம் என்ன இழுபறி?" என்று நம் ஊர் இளைஞர்கள் பலர் அப்போது என்னிடம் கேட்டதுண்டு.

நியாயமான கேள்விதான். ஆனால் இதற்கு விடை தேட லண்டன் வரை போக வேண்டியதில்லை. நம் தாத்தா காலத்தில், நம்மவர் லட்சக்கணக்கில் வாழ்ந்த ஒரு நாடு இதே போன்ற இழுபறிக்குப் பின் இந்தியாவிலிருந்து பிரிந்தது. அதுதான் பர்மா. 1937 ஏப்ரல் 1 அந்தப் பிரிவினை நாள்.

முதலில் பொருளாதார ஒன்றியம் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வருவதற்கு முன் ஓசூரிலிருந்து பெங்களூர் வரும் லாரிகள் அத்திப்பள்ளி சோதனைச் சாவடியில் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரே நாட்டுக்குள்ளேயே அந்தப் பாடு. இரு நாடுகளுக்கிடையே அந்தச் சாவடியே இல்லாமல் சரக்கு போய்வந்தால், வெளியிலிருந்து வரும் சரக்குக்கு இருவரும் ஒரே சுங்கவரி விதித்தால், அது சுங்க ஒன்றியம். அதற்கு மேல் ஆட்களும் தடையின்றிப் போய் வேலை செய்யலாம், முதலீடும் தடையின்றிப் போகலாம் என்றால் உறவு இன்னும் நெருக்கமாகிறது. நாணயமும் ஒன்றாகிவிட்டால் நெருக்கம் முழுமை அடைகிறது. நெருக்கம் எவ்வளவோ, பிரியும்போது வலியும் அவ்வளவு.

ரயில்வேயில் வேலை பார்த்தவன் என்பதால் எனக்குத் தெரிந்த உதாரணத்தைச் சொல்கிறேன். வண்டியிலிருந்து ஒரு பெட்டியைக் கழற்ற வேண்டுமானால் கப்ளிங்கை மட்டும் அவிழ்த்தால் போதாது. பிரேக் குழாயை முறைப்படி மூடிவிட்டுத்தான் பிரிக்க வேண்டும். மூடாமல் இழுத்தால் குழாய் பிடுங்கிக்கொள்ளும். உடனே இரண்டு பக்கமும் பிரேக் விழும். கழன்ற பெட்டியோடு எஞ்சின் பக்கம் உள்ள வண்டியும் அசையாமல் நிற்கும். அதை அவிழ்ப்பதற்கு ஆள் உள்ளே இறங்க வேண்டும், நேரம் வேண்டும், இரண்டு பக்கமும் ஒரே சைகையை ஏற்க வேண்டும். அரசியலில் அந்த ஒரே சைகைதான் கிடைப்பதில்லை.

பர்மாவுக்கு வருவோம். மூன்று போர்களில் ஆங்கிலேயர் அந்நாட்டைப் பிடித்து, 1886இல் முழுவதையும் பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணமாக்கினார்கள். அன்று முதல் ரூபாய் ஒன்று, தபால் ஒன்று, தண்டனைச் சட்டம் ஒன்று. சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ கப்பல் ஏறினால் ரங்கூனில் இறங்கலாம். பாஸ்போர்ட் கிடையாது, சுங்கமும் கிடையாது. 1931 மக்கள்தொகைக் கணக்கின்படி பர்மாவில் இருந்த இந்தியர் 10 லட்சத்துக்குச் சற்று மேல். ரங்கூன் நகரில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியர்! துறைமுகத்தில் தெலுங்கர், அரிசி ஆலையிலும் வயலிலும் தமிழரும் தெலுங்கரும், கடன் கொடுக்கும் தொழிலில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். அந்தக் காலத்தில்தான் வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் நம் முன்னோர் இந்தத் தங்கச் சுரங்கத்துக்கும் வந்தார்கள். நம் கோலார் அப்போது மைசூர் சமஸ்தானம். அவர்களும் எல்லை கடந்துதான் வந்தார்கள். ஆனால் அந்த எல்லை அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

1929க்குப் பின் உலக மந்தம் வந்து நெல் விலை சரிந்தது. பர்மிய விவசாயி வாங்கிய கடனைக் கட்ட முடியவில்லை; அடமானம் வைத்த நிலம் செட்டியார்கள் கைக்குப் போயிற்று. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 சதவீத நிலமே அவர்களிடம் இருந்தது. 1937க்குள் அது 25 சதவீதமானது. செட்டியார்கள் நிலத்துக்கு ஆசைப்பட்டுப் போனவர்கள் அல்ல. அவர்களுக்கு வேண்டியது ரொக்கம்தான். ஆனால் நிலம் இழந்தவன் கண்ணுக்கு அந்த வேறுபாடு தெரியுமா? 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில், வேலைநிறுத்தம் செய்த தெலுங்குத் தொழிலாளருக்குப் பதிலாக எடுத்த பர்மியரை, நிறுத்தம் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பியதில் கலவரம் வெடித்தது.

இந்நிலையில் 1930இல் சைமன் கமிஷன், பர்மாவை இந்தியாவிலிருந்து பிரிக்கலாம் என்று பரிந்துரைத்தது. பர்மியர் துள்ளிக் குதித்து ஏற்றிருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? நடந்தது வேறு. ஆங்கிலேயன் தானாக முன்வந்து பிரித்துத் தருகிறான் என்றால் அதில் ஏதோ சூது இருக்கிறது, இந்தியாவுக்குக் கிடைக்கும் சீர்திருத்தம் நமக்குக் கிடைக்காமல் போகும் என்று அவர்களில் பலர் அஞ்சினார்கள். இந்தியரைப் பிடிக்காதவர்களே இந்தியாவோடு சேர்ந்திருக்க வேண்டும் என்றார்கள்! அதற்கு ஒரு நிபந்தனையும் வைத்தார்கள்: வேண்டும்போது விலகும் உரிமை வேண்டும். 1932 ஜனவரியில் பிரிட்டிஷ் பிரதமர் ராம்சே மக்டொனால்டு அதை மறுத்துவிட்டார். பிரிவதா, கூட்டாட்சியில் சேர்வதா என்று தேர்தலில் மக்கள் சொல்லட்டும். ஆனால் சேர்ந்தால் நினைத்தபோது விலக முடியாது என்பது அவர் நிலை.

1932 நவம்பரில் தேர்தல் நடந்தது. பிரிவினையை எதிர்த்தவர்களுக்கு 42 இடம், ஆதரித்தவர்களுக்கு 29, எந்தப் பக்கமும் சேராதவர்களுக்கு 9. தீர்ப்பு தெளிவாகத்தானே இருக்கிறது? ஆனால் டிசம்பரில் சட்டசபை கூடி நிறைவேற்றிய தீர்மானத்தைப் பாருங்கள். பிரிட்டன் சொல்கிற வகையில் பிரிவதையும் ஏற்கவில்லை. நிரந்தரமாகக் கூட்டாட்சியில் சேர்வதையும் ஏற்கவில்லை. 1933இல் சிறப்புக் கூட்டம் போட்டுப் பல நாள் பேசினார்கள். முடிவு எடுக்காமலே கலைந்தார்கள். கடைசியில் முடிவெடுத்தது லண்டன். 1935இல் இந்தியாவுக்கு ஒரு சட்டம், பர்மாவுக்குத் தனிச் சட்டம் என்று நிறைவேறியது. பிரிவினை எதிர்ப்பு அணியின் முன்னணித் தலைவரான டாக்டர் பா மாவ்தான் 1937இல் பிரிந்த பர்மாவின் முதல் பிரதம மந்திரி ஆனார். அரசியலில் இதெல்லாம் சகஜம்.

இதைப் படித்துவிட்டு 2019ஆம் ஆண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தை நினைத்துப் பாருங்கள். தெரசா மே கொண்டுவந்த விலகல் ஒப்பந்தம் ஜனவரியில் ஒரு முறை, மார்ச்சில் இரு முறை தோற்றது. மார்ச் 27 அன்று எட்டு மாற்று வழிகளை முன்வைத்து வாக்கெடுத்தார்கள். எட்டுக்கும் பெரும்பான்மை இல்லை. இதற்கு எம்.பி.க்களின் பிடிவாதம் மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. "இருப்பதா, போவதா" என்ற கேள்விக்கு இரண்டே விடை. "எப்படிப் போவது" என்பதற்குப் பல விடை. முதல் கேள்விக்கு ஒன்றாகக் கை தூக்கியவர்கள் இரண்டாம் கேள்வியில் சிதறிப்போகிறார்கள். பர்மாவில் விலகும் உரிமையை யாரும் எழுதித் தரவில்லை. ஐரோப்பாவில் லிஸ்பன் ஒப்பந்தத்தின் 50ஆவது பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. இரண்டு ஆண்டுக் கெடுவும் வைக்கிறது. ஆனாலும் கெடு போதாமல் மூன்று முறை நீட்டிக்க வேண்டியிருந்தது. ஐம்பதாயிரம் பேர் மட்டுமே வாழ்ந்த கிரீன்லாந்துகூட 1982இல் வாக்களித்துவிட்டு 1985இல்தான் அன்றைய ஐரோப்பியச் சமூகத்திலிருந்து வெளியே வந்தது. அங்கே பேச வேண்டியிருந்தது பெரும்பாலும் மீன் பிடிப்பு பற்றி!

அடுத்து, சொத்தும் கடனும். கூட்டுக் குடும்பம் பாகம் பிரிந்தால் பாத்திரத்தைப் பங்கிடலாம், அப்பா வாங்கிய கடனை எப்படிப் பங்கிடுவது? பர்மாவில் ரயில் பாதை போட்டதும், மற்ற பொதுப்பணிகள் நடந்ததும் இந்திய அரசின் கணக்கில். இதைத் தீர்க்க 1935இல் எல்.எஸ். ஏமரி தலைமையில் ஒரு குழு அமர்ந்தது. முடிவில் பர்மா சுமார் 50 கோடி ரூபாயை 45 ஆண்டுத் தவணையில் இந்தியாவுக்குக் கட்டுவது என்று ஏற்பாடாயிற்று. போர் வந்து தவணை நின்றது. சுதந்திரத்துக்குப் பின், 1954இல் இந்தியா பர்மாவிடம் 9 லட்சம் டன் அரிசி வாங்கிய ஒப்பந்தத்தின்போதுதான் பழைய கடனைக் குறைத்துத் தீர்த்துக்கொண்டார்கள். பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குச் சுமார் 3,900 கோடி பவுண்டு தர வேண்டியிருக்கும் என்று 2018இல் மதிப்பிடப்பட்டபோது, அங்கே எழுந்த கூச்சல் நினைவிருக்கும்.

நாணயத்தை அவர்களால் உடனே பிரிக்கவே முடியவில்லை. பர்மா தனி நாடான பிறகும் அதன் நோட்டை அச்சிட்டது நம் ரிசர்வ் வங்கிதான். முதலில் இந்திய நோட்டிலேயே "பர்மாவில் மட்டும் செல்லும்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் முத்திரை குத்தினார்கள். 1938இல் மயில் படம் போட்ட தனி நோட்டு வந்தது. இடையில் ஜப்பானியர் ஆண்ட காலம் நீங்கலாக, 1947 வரை அந்நாட்டுக்கும் நம் ரிசர்வ் வங்கியே மத்திய வங்கி.

சரக்கும் ஆட்களும் முன்போலவே போய்வர மூன்று ஆண்டு இடைக்கால ஏற்பாடு செய்தார்கள். காரணம் எளிது. பர்மா அரிசிக்கு இந்தியாதான் பெரிய சந்தை. மண்ணெண்ணெயும் தேக்கும் இங்கேதான் வந்தன. நம் துணியும் சாக்கும் அங்கே போயின. 1941இல் சலுகை வரிகளோடு புதிய வணிக ஒப்பந்தம் போட்டார்கள். சரக்கு விஷயம் ஒருவாறு முடிந்தது. எங்கேயும் சரக்குக்கு வழி கண்டுபிடித்துவிடுகிறார்கள். மனிதருக்குத்தான் வழி அடைபடுகிறது.

1938 ஜூலையில் பர்மா முழுவதும் இந்தியருக்கு எதிரான கலவரம் பரவிப் பல உயிர்கள் போயின. அதன் தொடர்ச்சியாக, இந்தியர் வருகையை ஆராய ஜேம்ஸ் பாக்ஸ்டர் என்ற அதிகாரியை நியமித்தார்கள். அவர் அறிக்கையை அடுத்து 1941இல் இந்திய–பர்மா குடியேற்ற ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதுவரை கப்பல் டிக்கெட் மட்டும் எடுத்துப் போன கூலிக்கு, இனி விசா, அனுமதிச் சீட்டு, கட்டணம். ஏற்கெனவே அங்கே இருப்பவர் எத்தனை ஆண்டு இருந்தார் என்று நிரூபிக்க வேண்டும். கைநாட்டு வைக்கும் வயல் கூலி எந்தக் காகிதத்தைக் காட்டுவான்? காந்தியடிகள் இந்த ஒப்பந்தத்தைக் கடுமையாகக் கண்டித்தார். இதைப் படிக்கும் நம் குடும்பங்கள், ரேஷன் கார்டும் பள்ளிச் சான்றும் எவ்வளவு பெரிய சொத்து என்பதை இங்கே யோசிக்கலாம்.

ஒப்பந்தம் முழுமையாக நடைமுறைக்கு வருமுன் போர் வந்தது. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் ஜப்பானியர் குண்டு விழுந்தது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் தப்பி வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மலையும் காடும் தாண்டி நடந்து வந்தவர்கள். எத்தனை பேர் வழியில் மாண்டார்கள் என்பதற்குச் சரியான கணக்கே இல்லை. இங்கே ரயில்வேக்காரனாக எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. பர்மாவிலும் மீட்டர் கேஜ், அஸ்ஸாமிலும் மீட்டர் கேஜ். இணைக்கச் சர்வே எடுத்தார்கள். பாதை மட்டும் போடவில்லை. ஐம்பது ஆண்டு ஒரே ஆட்சியில் இருந்தும் இரு நாட்டையும் இணைத்தது கப்பல் ஒன்றுதான். கப்பல் நின்றதும் கால்தான் மிச்சம்.

1948இல் பர்மா சுதந்திரம் பெற்றது. நிலங்கள் அரசுடைமை ஆயின. 1962இல் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தபின், கடைகளும் வங்கிகளும் அரசுடைமை ஆயின. 1964இல் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாது என்றார்கள். லட்சக்கணக்கானோர் வெறுங்கையோடு தாயகம் திரும்பினார்கள். சென்னைக் கடற்கரை நிலையத்தருகே உள்ள பர்மா பஜார் அவர்களால் வந்தது. அங்கே விற்கும் அத்தோவும் அவர்கள் கொண்டுவந்த பண்டம்தான்.

திரும்பி வந்தவர்களில் சிலருக்கு இங்கே மனம் ஒட்டவில்லை. பிறந்தது, வளர்ந்தது எல்லாம் அங்கே அல்லவா? தரை வழியாக மீண்டும் பர்மா போகலாம் என்று மணிப்பூர் வரை சென்றார்கள். எல்லையில் தடுத்துவிட்டார்கள். முன்னே போக முடியாமல், பின்னே வரவும் மனமில்லாமல், மோரே என்ற எல்லை ஊரிலேயே தங்கிவிட்டார்கள். அங்கே அங்காள பரமேஸ்வரிக்குக் கோயில் கட்டி, தமிழ்ச் சங்கமும் வைத்து, எல்லைக்கு அப்பாலிருந்து வரும் சரக்கை வாங்கி விற்றுப் பிழைத்தார்கள்.