வேனுக்கு ஸ்கேனர் வாங்கும் முன்

நாவலூர், சிறுசேரி பக்கம் ஸ்டாஃப் வேன் ஓட்டுபவர்களுக்கு இன்ஜின் லைட் எரிந்தால் அன்றைய டிரிப் சந்தேகம்தான். காரணத்தை நாமே படித்துக்கொள்ள ஸ்கேனர் உதவும். ஸ்டியரிங்கிற்குக் கீழே தேடினால் 16 பின் கொண்ட ஓ.பி.டி. சாக்கெட் இருக்கும்.

இ.எல்.எம். 327 வகை புளூடூத் அடாப்டரும் டார்க் போன்ற செயலியும் போதுமா? பி0420 மாதிரியான பொதுப் பிழைக் கோடுகளைப் படிக்கப் போதும். போலி சிப் உள்ள மலிவு அடாப்டர்கள் சில கட்டளைகளுக்குப் பதிலே தராது. ஐபோன்காரர்கள் வைஃபை அல்லது பி.எல்.இ. ரகமாகக் கேட்டு வாங்குங்கள். பழைய புளூடூத் ரகம் ஐபோனில் இணையாது.

2020 ஏப்ரலில் அமலான பி.எஸ். 6 விதிப்படி வந்த டீசல் வேன் என்றால் கதை வேறு. ஓ.எம்.ஆர். சாலை நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்தே ஓடும் வண்டியில் புகை வடிகட்டியான டி.பி.எஃப்.பில் கரி சேரும். அதை எரித்துச் சுத்தம் செய்யும் ‘ரீஜென்’ கட்டளை, கம்பெனிக்கே உரிய பி1 வரிசைக் கோடுகள், ஏ.பி.எஸ். எல்லாம் வேண்டுமானால் உங்கள் மாடலையும் ஆண்டையும் ஆதரிக்கும் கருவிதான் வேண்டும். ‘எல்லா வண்டிக்கும் வேலை செய்யும்’ என்ற பேச்சை நம்பாதீர்கள். உங்கள் வேனிலேயே செருகிக் காட்டச் சொல்லுங்கள், பிறகு பணம் கொடுங்கள். ஆண்டுதோறும் அப்டேட்டுக்குக் கட்டணம் உண்டா என்பதையும் அப்போதே கேளுங்கள். ரீஜென்னைத் திறந்த வெளியில் மட்டும் செய்யுங்கள். சைலன்சர் பயங்கரமாகச் சூடாகும், கீழே காய்ந்த புல் கூடாது.

பிழைக் கோடை அழிப்பதற்கு முன் எண்ணைப் படம் எடுத்து வையுங்கள், மெக்கானிக்குக் காட்ட உதவும். வண்டி நிற்கும்போது அடாப்டரைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் பேட்டரி இறங்கும்.