கியர் விழவில்லையா? பாக்ஸை இறக்கும் முன் பாருங்கள்



நம் குழுக்கள் சில சேர்ந்து வாங்கிய பழைய ஆம்னி வண்டி சந்தைக்குக் காய்கறி ஏற்றிப் போவது உங்களுக்குத் தெரியும். சென்ற மாதம் கியர் விழாமல் மக்கர் பண்ணியது. ஒர்க்‌ஷாப்பில், "கியர் பாக்ஸை இறக்கணும்" என்றார்கள். சேமிப்பிலிருந்து பணம் எடுக்கத் தீர்மான நோட்டைக்கூட திறந்துவிட்டோம். வண்டி ஓட்டும் அக்காதான், "ஒரு தடவை நாமளே பார்த்திடுவோமே" என்று தடுத்தார். கடைசியில் கிளட்ச் கேபிளை டைட் வைத்ததும் சரியாகிவிட்டது.

அன்று செய்த சோதனை இதுதான். சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். என்ஜினை அணைத்துவிட்டு, கிளட்சை முழுசாக மிதித்து ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள். பிறகு நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, பிரேக்கையும் மிதித்தபடி அதையே செய்யுங்கள். அணைந்திருக்கும்போது லேசாக விழுந்து, என்ஜின் ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால் குறை பெரும்பாலும் கிளட்சில்தான்.

கிளட்சை மிதித்தால் என்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் உள்ள பிடி விடுபட வேண்டும். கேபிள் தளர்ந்திருந்தால் பெடல் பாதி தூரம் சும்மாவே போகும், பிடி முழுசாக விடாது. சுற்றுகிற ராட்டினத்தில் ஏறுவது போலத்தான் கியர் போடுவதும் ஆகிவிடும். கேபிள் இழை பிரிந்திருந்தால் டைட் வைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். அதற்காக அளவுக்கு மீறி டைட் வைக்கவும் விடாதீர்கள். பிளேட் வழுக்கித் தேயும்; என்ஜின் இரையும், வண்டி வேகம் எடுக்காது, கருகல் வாடை வரும்.

என்ஜின் அணைந்திருந்தும் இறுக்கமா? கியர் லிவரிலிருந்து பாக்ஸ் வரை போகும் இணைப்பையும் புஷ்ஷையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். கியர் ஆயில் அளவையும் பாருங்கள். குறைந்திருந்தால் கையேட்டில் சொன்ன ரகம்தான் ஊற்றணும்.

கிளட்ச் நன்றாக இருந்தும் ஓட்டத்தில் ஒரே ஒரு கியர் மட்டும் கரகரத்தால், உள்ளே வேகத்தைச் சமப்படுத்தும் சிங்க்ரோ ரிங் தேய்ந்திருக்கலாம். அப்போது பாக்ஸை இறக்கத்தான் வேண்டும், செலவுக்குத் தயங்காதீர்கள். ரிவர்ஸ் மட்டும் கரகரத்தால் பயம் வேண்டாம். பல வண்டிகளில் ரிவர்ஸுக்கு அந்த ரிங் கிடையாது. வண்டி நின்றபின் கிளட்சை மிதித்து மூன்று விநாடி பொறுத்துப் போடுங்கள். ஆனால் ஓடும்போதே கியர் தானாகக் கழன்றால், சரிசெய்யும்வரை லோடு ஏற்ற வேண்டாம்.

எந்த கியர், என்ஜின் ஓடும்போதா அணைந்திருக்கும்போதா, காலையிலா சூடான பிறகா என்று வண்டி நோட்டில் எழுதி வைத்து மெக்கானிக்கிடம் காட்டுங்கள். கழற்றிய பழைய சாமானையும் கேட்டு வாங்கி வாருங்கள்.