தோளில் விழுந்த முடிச்சு

அன்புள்ள மருமகளே,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் நாலு நிமிஷம். மூன்று நிமிஷம் முன்னுரை, அரை நிமிஷம் மூக்குறிஞ்சல், கடைசியில் ஒரே ஒரு கேள்வி: "மாமா, தோள்ல ஊசி போடணும்கிறாங்க, போட்டுக்கலாமா?" போனில் பதில் சொன்னால் குறுக்கே பேசுவாய். அதனால்தான் காகிதம். இதில் நான் முடிக்கிறவரை நீ கேட்டுத்தான் ஆகவேண்டும்.

போட்டுக்கொள். பதில் அவ்வளவுதான். ஆனால் உன்னை எனக்குத் தெரியும். "மாமாவே சொல்லிட்டார்" என்று காலையில் ஊசியைப் போட்டுக்கொண்டு, மாலையில் யாரோ ஒரு கல்யாணப் பெண்ணின் பிளவுஸுக்கு மணி கோக்க ஆரி ஃப்ரேம் முன்னால் குனிந்துவிடுவாய். மீதிக் கடிதம் அதற்காக.

வலது பொட்டில் வலி வந்ததும் ஒற்றைத் தலைவலி என்று நீயே பெயர் வைத்து மருந்துக் கடையில் மாத்திரை வாங்கினாய். பிறகு நரம்பு இழுக்கிறது என்றாய். உன் மாமியார் வாயு என்றார். நம் ஊரில் தசை என்று ஒன்று உடம்பில் இருப்பதை யாரும் ஒப்புக்கொள்வதே இல்லை. எது வலித்தாலும் நரம்பு, இல்லாவிட்டால் வாயு.

இப்போதே ஒன்று செய். இடது கையை எடுத்து வலது தோளில், கைப்பையின் வார் உட்காரும் இடத்தில் வை. அந்தச் சதையைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து உருட்டு. முறுக்கின கயிறு மாதிரி ஒன்று விரலுக்கடியில் நழுவும். அந்தக் கயிற்றில் ஓரிடம் மட்டும் பட்டாணி மாதிரி தடித்திருக்கும். அதை அழுத்தினால் பொட்டில் அதே வலி கிளம்புகிறதா? அதுதான் உன் டாக்டர் சொன்ன ட்ரிக்கர் பாயின்ட். துப்பாக்கியில் விசை ஓரிடம், குண்டு பாய்வது வேறிடம் இல்லையா, அதே கணக்கு. தசையில் உப்புக் கரைசலைச் செலுத்தினால் வலி எங்கெங்கே போய்த் தெரிகிறது என்று கெல்கிரென் என்ற ஆங்கிலேய டாக்டர் 1938-லேயே படம் போட்டுக் காட்டிவிட்டார். நீதான் இன்னும் பொட்டில் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறாய்.

"அப்போ ஸ்கேன்ல ஏன் ஒண்ணும் தெரியலை?" என்பாய். வழக்கமான ஸ்கேனில் இது தெரியாது. விரல்தான் கண்டுபிடிக்க வேண்டும். விரலும் பொய் சொல்லும். ஒரே ஆளை இரண்டு டாக்டர்கள் தடவிப் பார்த்து இரண்டு இடத்தில் புள்ளி வைத்த கதை உண்டு. இப்படி ஒரு முடிச்சு தசையில் உண்மையிலேயே இருக்கிறதா என்று இன்றும் சண்டை போடுகிற நிபுணர்கள் இருக்கிறார்கள். முப்பது வருஷம் தடவிப் பார்த்தவன் என்பதால் எனக்கு அந்தச் சந்தேகம் குறைவு. ஆனால் இந்த ஊசியைச் சர்வரோக நிவாரணி என்று எவனாவது விற்றால் எழுந்து வந்துவிடு.

ஊசி போடுகிறவர் மயக்க மருந்து டாக்டர் என்று முகத்தைச் சுளித்தாயாம், உன் அம்மா சொன்னாள். உன் மாமனும் அந்த ஜாதிதான் என்பது மறந்துவிட்டதா? வலியோடு மல்லுக்கட்டுவதுதான் எங்கள் பிழைப்பு.

நடப்பது இதுதான். உன்னைப் படுக்க வைப்பார்கள். டாக்டர் அந்தச் சதையைக் கிள்ளித் தூக்கிப் பிடிப்பார். கிள்ளுவது உன்மேல் கோபத்தில் இல்லை. அடியில் நுரையீரலின் நுனி இருக்கிறது, ஊசி அந்தப் பக்கம் போகக் கூடாது. மெல்லிய ஊசி, மருந்து ஒரு மில்லிகூட இருக்காது. முடிச்சில் சரியாகப் பட்டால் தசை தூண்டில் மீன்போல ஒரு துள்ளு துள்ளும், வலி பொட்டுவரை ஓடும். நீ கத்துவாய். கத்து. அந்தத் துள்ளலைப் பார்த்தால் எங்களுக்கு உள்ளூரச் சந்தோஷம், இடம் சரி என்று.

"ஸ்டீராய்டா மாமா?" இல்லை, தேவையும் இல்லை. பல் பிடுங்கும்போது மரக்கப் போடுவார்களே, அந்த லிக்னோகெய்ன்தான். வேடிக்கை என்ன தெரியுமா, அதுகூடக் கட்டாயமில்லை. மருந்தே ஏற்றாமல் வெறும் ஊசியால் குத்தியே வலி போகிறது என்று செக் நாட்டு டாக்டர் கரேல் லெவிட் 1979-ல் எழுதினார். மருந்து இருந்தால் பிறகு வரும் குடைச்சல் கொஞ்சம் குறைவு. ஆகவே "விலை கூடின மருந்தாப் போடுங்க டாக்டர்" என்று கேட்டு என் மானத்தை வாங்காதே.

இந்த வைத்தியத்துக்குப் பெரிய பெயர் வாங்கித் தந்தவர் ஜேனட் ட்ராவல் என்ற அமெரிக்கப் பெண் டாக்டர். 1955-ல் முதுகு வலியோடு ஊன்றுகோலில் வந்த ஓர் இளம் செனட்டருக்கு இப்படித் தசையில் ஊசி போட்டுத் தேற்றினார். அந்த செனட்டர்தான் கென்னடி. 1961-ல் ஜனாதிபதியானதும் ட்ராவலையே வெள்ளை மாளிகை டாக்டராக வைத்துக்கொண்டார். அந்தப் பதவியில் உட்கார்ந்த முதல் பெண். கதையை இங்கேயே நிறுத்தத்தான் எல்லாருக்கும் பிடிக்கும். ஆனால் ஊசிமேல் ஊசியாகப் போயும் முதுகு அடங்கவில்லை. அந்த வருஷமே ஹான்ஸ் க்ராஸ் என்ற டாக்டரை அழைத்து வந்தார்கள். மலையேறுகிற மனிதர். ஊசியை நிறுத்து, உடற்பயிற்சி செய் என்றார். ஜனாதிபதி செய்தார், முதுகும் தேறியது. உனக்கு மட்டும் நேரம் இல்லை!

நான் மட்டும் என்ன யோக்கியம்? பத்து வருஷம் முன்னால் எனக்கு இடுப்பிலிருந்து கெண்டைக்கால்வரை வலி. சயாட்டிகாதான் என்று நானே முடிவு கட்டி ஸ்கேன் எடுத்தேன், சுத்தமாக இருந்தது. என்னிடம் படித்த பெண் பிருஷ்டத்தில் ஒரு இடத்தை அழுத்தினாள், கால் வரைக்கும் பளீரென்றது. "சார், பின் பாக்கெட்ல பர்ஸ் வெச்சுட்டா ஸ்கூட்டர் ஓட்டறீங்க?" என்றாள். பர்ஸில் பணம் இல்லை, பழைய ரசீதுகள்தான். ஊசி போட்டதும் வலி பறந்துவிட்டது. அதே பர்ஸை அதே பாக்கெட்டில் செருகி அதே ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போனேன். மறுநாள் கக்கூஸில் உட்கார்ந்தவன் எழுந்திருக்க உன் அத்தை கை கொடுக்க வேண்டியிருந்தது.

அந்தத் தப்பைத்தான் நீ செய்யப் போகிறாய். மரப்பு ஒன்றிரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடும். அப்புறம் இரண்டு நாள் அடிபட்ட மாதிரி குடையும், ஒத்தடம் போதும். "ஊசி பலிக்கலை" என்று எனக்குப் போன் செய்யாதே. முடிச்சு தளர்ந்த அந்தச் சில நாள்தான் உனக்குக் கிடைக்கிற அவகாசம். இடது காதை இடது தோள் பக்கம் சாய்த்து, வலது பக்கம் இழுபடுகிற மாதிரி அரை நிமிஷம் நில். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நட. ஃப்ரேமை மார்பளவுக்கு உயர்த்தச் சொல். முக்கியமாக, வெள்ளெழுத்துக் கண்ணாடி போடு. நாற்பத்திரண்டு வயதில் சர்தோசி மணியைக் கண்ணாடி இல்லாமல் கோக்க, கழுத்தைத்தானே நீட்டுகிறாய்? கண்ணாடி போட்டால் வயசு தெரியும் என்கிறாய். கழுத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தால் தெரியாதா?

சாப்பிட்டுவிட்டுப் போ, வெறும் வயிற்றில் ஊசியைப் பார்த்தால் நீ மயங்கி விழுகிற ரகம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை ஏதாவது சாப்பிட்டால், பல் டாக்டர் ஊசியில் முன்பு ஒவ்வாமை வந்திருந்தால், முன்கூட்டியே சொல்லிவிடு. ஊசிக்கப்புறம் மூச்சு முட்டினாலோ நெஞ்சு வலித்தாலோ எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பாமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடு. கை மரத்துப் பிடி தளர்ந்தால் இது வேறு கதை, அதையும் டாக்டரிடம் சொல். இரண்டு மூன்று முறை போட்டும் பலனில்லாவிட்டால் நான்காவதுக்குக் கையை நீட்டாதே. பத்து ஊசிக்குப் பாக்கேஜ் என்றால் பாதியிலேயே எழுந்து வா.

உன் அத்தையின் பச்சைப் பிளவுஸ் ஆவணி முகூர்த்தத்துக்குள் வேண்டுமாம். ஊசி போட்டு ஒரு வாரம் கழித்துத்தான் தொடுவாய் என்று சொல்லிவிட்டேன். என்னைத்தான் முறைத்தாள். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, அவளிடம் காட்டிச் சமாதானம் செய்கிறேன்.

அன்புடன்,
மாமா