தள்ளினால் கிளம்பாத வண்டி

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே 12 கிலோமீட்டர் அளவுக்குத்தான் தூரம். அந்தச் சாலையில் ஒரு கார் நின்றுபோனால் தள்ளிவிட ஆளுக்குப் பஞ்சமே இல்லை. டீ கிளாஸை வைத்துவிட்டு நாலு பேர் எழுந்து வருவார்கள். என் அக்காவின் கார் நின்றபோதும் அப்படித்தான் வந்தார்கள். வியர்க்க விறுவிறுக்கத் தள்ளினார்கள். கிளம்பவில்லை. "டீச்சர், பெட்டியே போயிருச்சுபோல" என்று ஒருவர் சொன்னார். அக்காவுக்கு அந்தச் சொல் மனதில் தைத்துவிட்டது.

அக்கா ஓய்வுபெற்ற ஆசிரியை. முழங்கால் வலியால் கிளட்ச் மிதிக்க முடியாமல் 2010இல் ஒரு சின்ன ஆட்டோமேட்டிக் கார் வாங்கினாள். நான் நூற்பாலையில் பராமரிப்பு ஃபிட்டராக இருந்தவன். ராஜபாளையத்தில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்று உண்டு. அந்தக் கொட்டகையில் மூன்று மாதம் அந்தக் காரோடு இருந்ததில் எனக்குப் புரிந்தது ஒன்று. ஆட்டோமேட்டிக் வண்டி பற்றி நம் ஊரில் சொல்லப்படும் தவறான கருத்துகளில் பெரும்பாலானவை வேறொரு வண்டிக்குச் சரியானவை. லாரியிலும் அம்பாசடரிலும் பட்டுத் தெரிந்துகொண்ட அறிவு அது. இடம் மாறி வந்து உட்கார்ந்திருக்கிறது.

"தள்ளினால் கிளம்பும்"

கைகியர் வண்டியில் சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் நேரான பிடிப்பு உண்டு. சக்கரம் சுற்றினால் இன்ஜின் சுற்றியே ஆக வேண்டும். ஆட்டோமேட்டிக்கில் கிளட்ச் மிதி இல்லையே தவிர, கியர் பெட்டிக்குள் கிளட்ச் தகடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அவற்றை இறுக்கிப் பிடிப்பது ஆயிலின் அழுத்தம். அந்த அழுத்தத்தைத் தருவது ஒரு பம்ப். பம்பைச் சுற்றுவது இன்ஜின். இன்ஜின் நின்றால் அழுத்தம் இல்லை, அழுத்தம் இல்லையென்றால் எந்தத் தகடும் எதையும் பிடிக்காது. மதுரை வரை தள்ளினாலும் சக்கரத்தின் சுழற்சி இன்ஜினைப் போய்ச் சேராது.

இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1940ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் வந்த ஹைட்ரா-மேட்டிக் பெட்டியில், சக்கரப் பக்கத்திலும் ஒரு பம்ப் இருந்தது. அதனால் அந்த வண்டிகளைத் தள்ளிக் கிளப்ப முடிந்தது. பின்னால் வந்த பெட்டிகளில் அந்த இரண்டாவது பம்ப்பை விட்டுவிட்டார்கள்.

இதே காரணத்தால்தான் முன்சக்கரத்தால் ஓடும் ஆட்டோமேட்டிக் காரைக் கயிறு கட்டி இழுத்துப் போகக் கூடாது. சக்கரம் சுற்றும், பம்ப் சுற்றாது, உள்ளே பல இடங்களுக்கு ஆயில் போகாது. முன்சக்கரங்களைத் தூக்கி வைத்து இழுக்க வேண்டும். இல்லையென்றால் வண்டியையே ஏற்றிப் போக வேண்டும்.

அன்று அக்காவின் வண்டியில் போயிருந்தது பேட்டரி மட்டும்தான்.

"பெட்டி போச்சு, எடைக்குப் போடுங்க"

பேட்டரி மாற்றிச் சில வாரம் ஓடியது. பிறகு புறப்படும்போது மூச்சுத் திணறுவதுபோல் இழுத்தது, கியரும் மாறவில்லை. ஒரு பட்டறையில், பெட்டியைத் திறக்காமல், வண்டிக்கு அடியில்கூடக் குனிந்து பார்க்காமல், எடைக்குப் போடச் சொல்லிவிட்டார்கள். "தம்பி, நீயே ஒரு தடவை பாத்துச் சொல்லுடா" என்று அக்கா வண்டியை என்னிடம் விட்டுப் போனாள்.

இந்தப் பெட்டிகளில் பலவற்றில் இரண்டு வேக சென்சார்கள் இருக்கும். ஒன்று உள்ளே வரும் சுழற்சியை எண்ணும், மற்றது வெளியே போகும் சுழற்சியை எண்ணும். இரண்டையும் ஒப்பிட்டுத்தான் எந்தக் கியர் பிடித்திருக்கிறது என்று கம்ப்யூட்டர் தெரிந்துகொள்கிறது. ஒன்று பேசாமல் போனால் கம்ப்யூட்டர் மேற்கொண்டு கியர் மாற்றாது. நான்கு வேகப் பெட்டிகள் பலவற்றில் மூன்றாம் கியரிலேயே பூட்டிவிடும். பெட்டியைக் காப்பாற்றவும், வண்டி வீடு வந்து சேரவும் செய்துவைத்த ஏற்பாடு இது. மூன்றாம் கியரில் புறப்படும் வண்டி திணறத்தான் செய்யும். கிளட்ச் தேய்ந்த கைகியர் வண்டியும் ஏறத்தாழ இப்படித்தான் இழுக்கும் என்பதால், பார்ப்பவர் பெட்டி போச்சு என்று முடிவுகட்டிவிடுகிறார்.

தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் கியர் கம்ப்யூட்டரைப் படிக்கக்கூடிய ஸ்கேனரோடு வந்தார். மலிவான ஸ்கேனர்கள் பலவும் இன்ஜினை மட்டும்தான் படிக்கும் என்பதை வாங்குமுன் கவனிக்க வேண்டும். அவருடைய ஸ்கேனர் வெளிச்சுழற்சி சென்சாரின் பெயரைக் காட்டியது. டார்ச் அடித்து ஒயரோடு போய்ப் பார்த்தால், எலி கடித்திருந்தது. ஒயரைப் பற்றவைத்து ஸ்லீவ் போட்டோம். நூறு ரூபாய்கூட ஆகவில்லை.

ஆட்டோமேட்டிக் வண்டி மக்கர் செய்தால் முதலில் பார்க்க வேண்டியவை எல்லாம் பெட்டிக்கு வெளியே இருக்கின்றன: பேட்டரி வோல்டேஜ், எர்த் ஒயர், சென்சார் கனெக்டர்கள், கியர் நிலையைச் சொல்லும் சுவிட்ச், ஆயில் மட்டம். இவற்றைப் பார்க்காமல் பெட்டியைக் குறை சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

"பி-யில் போட்டால் அசையாது"

ஒயர் சரியானதும் ஆயிலையும் மாற்ற நினைத்தேன். அதற்கு வண்டிக்கு அடியில் போக வேண்டும் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கியர் லீவரில் இருக்கும் பி என்பது பிரேக் அல்ல. பெட்டிக்குள் ஒரு பல்சக்கரத்தின் இடுக்கில் விழுந்து உட்காரும் விரல் போன்ற ஓர் இரும்புத் துண்டு, அவ்வளவுதான். அது டிஃபரன்ஷியலைத்தான் பிடிக்கிறது, சக்கரங்களை அல்ல. முன்சக்கர வண்டியில் ஒரு முன்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினால், தூக்கிய சக்கரம் எதிர்ப்பக்கமாகச் சுற்றி, தரையில் இருக்கும் சக்கரத்தை உருள விட்டுவிடும். பி-யில் இருக்கும்போதே வண்டி நகரும்.

அதனால் கை பிரேக் போடுங்கள். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான்; தாங்க ஸ்டாண்ட் வேண்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். ஸ்டாண்ட் இல்லாத வீட்டில் இந்த வேலை வேண்டாம்.

"புது ஆயில் ஊற்றினால் பெட்டி செத்துவிடும்"

இதைச் சொல்பவர்கள் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். ஆயில் மாற்றிய மறுமாதமே பெட்டி போன வண்டிகள் உண்டு. ஆனால் அந்த வண்டிகளுக்கு எப்போது ஆயில் மாற்றினார்கள் என்று கேளுங்கள். கியர் வழுக்க ஆரம்பித்த பிறகுதான். தகடுகளின் மேற்பூச்சு அதற்குள் தேய்ந்து ஆயிலில் கலந்திருக்கும். முடிந்துபோன பெட்டிக்குக் கடைசியாக ஊற்றிய ஆயில் மீது பழி விழுகிறது.

இன்னொரு பக்கம், இந்த ஆயிலை ஆயுள் முழுக்க மாற்றவே வேண்டாம் என்ற பேச்சும் உண்டு. ஆயிலின் பகை வெப்பம். வேலை செய்யும் வெப்பநிலைக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் அதன் ஆயுள் ஏறத்தாழ பாதியாகக் குறையும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களின் கணக்கு. ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் ஒரு மணி நேரம் ஊர்ந்து பாருங்கள். டி-யில் வைத்துக்கொண்டு பிரேக்கை மிதித்து நிற்கும் ஒவ்வொரு நிமிடமும், இன்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாகப் பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்குள் ஆயில் கடையப்பட்டுச் சூடாகிறது. பழைய வண்டிகளில் நீண்ட நேரம் நிற்கும்போது என்-க்கு மாற்றுவது நல்லது. கைகியர் காலத்து வழக்கங்களில் இங்கேயும் பொருந்துவது இது ஒன்று.

ஆயில் சிவப்பாக இருப்பது சாயத்தால். கசிந்தால் இன்ஜின் ஆயிலிலிருந்து பிரித்து அறிவதற்காகச் சேர்த்தது. பழுப்பாவதை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். கருகிய வாடை வந்தால் கவலைப்படுங்கள். ரோஸ்மில்க் நிறத்தில் இருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் உடைந்து தண்ணீர் கலந்திருக்கிறது. அந்த வண்டியை அதற்குமேல் ஓட்டக் கூடாது, தகடுகளின் பசை விட்டுவிடும்.

வடித்தால் மொத்த ஆயிலும் வராது. கன்வெர்ட்டருக்குள் நிறைய தங்கிவிடும். பாதி வடிகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு முறை மாற்றியதும் பழையது பாதி, இரண்டு முறையில் கால், மூன்று முறையில் அரைக்கால். சில வாரம் ஓட்டி ஓட்டி மூன்று முறை மாற்றுவதுதான் வீட்டுக்காரருக்கு ஏற்ற வழி. வடித்ததை அளந்து, அதே அளவு ஊற்ற வேண்டும்.

மட்டம் பார்ப்பதிலும் ஒரு பழைய வழக்கம் குறுக்கே வருகிறது. காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்ப்பது இன்ஜின் ஆயிலுக்குச் சரி. கியர் ஆயில் சூட்டில் விரியும். ஹூண்டாயின் பழைய பெட்டிகளில், ஓட்டிச் சூடேற்றி, லீவரை எல்லா நிலைகளிலும் ஒருமுறை நகர்த்தி, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும். ஹோண்டாவில் சூடேற்றி, இன்ஜினை அணைத்த ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். குளிர்ந்த நிலையில் மேல்கோடு வரை ஊற்றினால் சூட்டில் அது கூடுதலாகிவிடும். பல்சக்கரங்கள் அதை நுரையாக்கும், பம்ப் காற்றை உறிஞ்சும், அழுத்தம் விழும்.

"சிவப்பு ஆயில் எல்லாம் ஒன்றுதான்"

ஹோண்டா சிட்டி என்று ஒரே பெயர். 2008க்கு முந்தைய மாடலில் பெல்ட்டில் ஓடும் சிவிடி, 2008இல் வந்ததில் ஐந்து வேக டார்க் கன்வெர்ட்டர் பெட்டி, 2014இல் மறுபடி சிவிடி. மூன்றுக்கும் பெயர் சொல்லி ஒரே ஆயில் வாங்க முடியுமா? 2014இல் மாருதி செலெரியோவோடு வந்த ஏஎம்டி இன்னும் வேறு. அது கைகியர் பெட்டிதான். கிளட்ச்சையும் கியரையும் நமக்குப் பதிலாக ஒரு கருவி மாற்றுகிறது. ஹூண்டாயின் பழைய நான்கு வேகப் பெட்டிகள் கேட்பது எஸ்பி-3 ரகம்.

வழுக்க வேண்டிய இடத்தில் வழுக்கியும், பிடிக்க வேண்டிய இடத்தில் பிடித்தும் தர வேண்டிய ஆயில் இது. அந்த நிதானத்துக்காகவே 1970களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் இதில் எண்ணெய்த் திமிங்கிலத்தின் எண்ணெயைச் சேர்த்தார்கள். தடை வந்த பிறகுதான் வேறு சேர்மானங்களுக்குப் போனார்கள். கடைக்காரர் எதை எடுத்துக் கொடுத்தாலும், வண்டியின் கையேட்டில் இருக்கும் எழுத்தும் டப்பாவில் இருக்கும் எழுத்தும் ஒன்றா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

"பனியன் வேஸ்ட் வைத்துத் துடைத்தால் சுத்தம்"

இதை நான் என் கையால் செய்த தவறாகவே சொல்ல வேண்டும்.

ராஜபாளையம் பஞ்சு ஊர். மில்கள் உண்டு, பக்கத்தில் சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெய்கிறார்கள். பஞ்சு எங்கள் மூச்சிலேயே கலந்தது. எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் ஒரு மூலையில் காட்டன் வேஸ்டோ பனியன் வேஸ்டோ கிடக்கும். மில்லில் எத்தனையோ பேரிங்குகளை அதில்தான் துடைத்திருக்கிறேன். அதே பழக்கத்தில், பெட்டியின் அடித்தட்டைக் கழற்றியபோது, ஆயிலின் பாதையை மின்சாரத்தால் திறந்து மூடும் சோலனாய்டுகளையும் எடுத்து வேஸ்டால் துடைத்து மாட்டினேன்.

பத்து நாளில் இரண்டாம் கியரிலிருந்து மூன்றுக்குப் போகும்போது முதுகில் குத்துவதுபோல் ஓர் உதறல். மறுபடி திறந்தேன். ஒரு சோலனாய்டின் மிகச் சின்ன வலைக்கண்ணில் வெள்ளை இழை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. தலைமுடி அளவுகூட இல்லை. வால்வு பாடி என்ற அந்த அலுமினியப் பலகைக்குள் ஓடும் வால்வுகளுக்கும் அவற்றின் துளைகளுக்கும் இடையே உள்ள இடைவெளி மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்குதான். அங்கே ஓர் இழை போதும், கியர் தடுமாற. ஊருக்கே சோறு போட்ட பஞ்சு, இந்தப் பெட்டிக்குள் மட்டும் ஆகாது.

இரண்டாம் முறை துணியே படவில்லை. புது ஆயிலிலேயே கழுவி, மூடிய தட்டில் வடியவிட்டு மாட்டினேன். அடித்தட்டின் காந்தத்தில் மை போன்ற சாம்பல் நிறப் பசை படிந்திருந்தது. அது இயல்பான தேய்மானம். அதில் உலோகச் சீவல்கள் மின்னினால்தான் பெட்டியின் உள்ளே ஏதோ உடைகிறது என்று அர்த்தம்.

அடித்தட்டு போல்ட்டுகளை லாரி வீல் நட்டைப்போல் இறுக்கக் கூடாது. 10 நியூட்டன் மீட்டர் அளவுதான் தாங்கும். அலுமினியத்தில் மறை கழன்றால் அதைச் சரிசெய்யும் செலவு ஆயிலைவிட அதிகம். டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால் இரவல் வாங்குங்கள்.

"இறக்கத்தில் நியூட்ரல், பெட்ரோல் மிச்சம்"

செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு வழியாகக் கேரளத்துக்கு இறங்குபவர்கள் இதை இன்னும் செய்கிறார்கள். கார்புரேட்டர் காலத்தில் கொஞ்சம் மிச்சமானது உண்மை. இன்ஜெக்ஷன் வண்டியில் கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கினால் கம்ப்யூட்டர் பெட்ரோலையே நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமலிருக்கப் பெட்ரோல் குடிக்கும். இன்ஜினின் தடுப்பும் போய், பிரேக் மட்டும் தனியாகக் காயும். லீவரில் 2 என்றும் எல் என்றும் எழுதியிருப்பது இந்த இறக்கங்களுக்காகத்தான்.

அடித்தட்டுக்கு மேலே, பெட்டியின் பல்சக்கரக் கூட்டை நான் தொடவில்லை. அதற்கான ஸ்பிரிங் அழுத்தும் கருவிகளும், தூசி புகாத அறையும் என் தகரக் கொட்டகையில் கிடையாது. சென்சார், ஒயர், ஃபில்டர், ஆயில், சோலனாய்டு: வீட்டுக்காரரின் எல்லை இதுவரை.

வடித்த ஆயிலை வாறுகாலில் ஊற்றவில்லை. அது கண்மாய்க்குத்தான் போய்ச் சேரும். கேனில் சேர்த்துப் பழைய ஆயில் எடுப்பவரிடம் கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் வடித்ததில் கொஞ்சம் மட்டும் கண்ணாடிக் குப்பியில் பிடித்துத் தேதி எழுதிக் கொட்டகை ஜன்னலில் வைத்திருந்தேன். மூன்றாம் முறை முடிந்து வண்டியை எடுக்க வந்த அக்கா வெயிலில் அவற்றைத் தூக்கிப் பார்த்தாள். முதல் குப்பி கறுப்பு, இரண்டாவது தேன் நிறம், மூன்றாவதில் விரல் தெரிந்தது.

"இதுல எதுடா நல்லா இருக்குன்னு அர்த்தம்?" என்று கேட்டாள். மூன்றாவதைக் காட்டினேன். அந்தக் குப்பியைப் பைக்குள் வைத்துக்கொண்டு, சாவியை வாங்கி, அவளே ஓட்டிக்கொண்டு போனாள்.