துணி தொங்கவிடுங் கவ்வி

மதுரை மாநகர்க்கு மேற்கே, வைகையின் தென்கரையில், மேலக்கால் செல்லுஞ் சாலையில் அமைந்துள்ளது கோச்சடை. முன்னர் நெல்வயல்களாய்க் கிடந்த நிலங்களிற் பல இன்று அங்கே மாடிவீடுகளாய் எழுந்துள்ளன. முற்றமும் புழைக்கடையும் உடைய வீட்டில் துணி உலர்த்துதல் ஒரு பொருட்டன்று. மூன்றாம் மாடியில் நான்கு முழ நீளமுள்ள ஒரு பால்கனியே உலகமாய் வாழும் குடும்பத்திற்கோ அஃதொரு நாட்கவலை. ஆடி மாதத்தில் மேற்கு மலைக் கணவாய்களைக் கடந்து வருங் காற்று, கொடியிற் கிடக்குஞ் சட்டையைத் தெருவிலும், சில வேளை அடுத்த வீட்டுக் கூரையிலுங் கொண்டு சேர்க்கும். இரண்டே சீருடை உடைய பள்ளிப்பிள்ளைக்கு அவற்றுள் ஒன்று சேற்றில் விழுமாயின், மறுநாட் பாடம் போயிற்று. எனவே, துணியைக் கவ்விப் பிடிப்பதும், வேண்டியவிடத்திற்கு எடுத்துச் செல்லத்தக்கதும், துணியேயன்றிப் பை, குடை முதலியவற்றையுந் தொங்கவிட உதவுவதுமான ஒரு சிறு கருவியை அமைக்கும் முறையை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண், எதனை எதிர்த்து இக்கருவி போராட வேண்டுமென்பதை அறிதல் வேண்டும். மணிக்கு 30 கிலோமீட்டர் விரைவில் வீசுங் காற்று, தன்னை நேர்நின்று தடுக்கும் ஒரு சதுர மீட்டர்ப் பரப்பின்மேல் ஏறத்தாழ 4 கிலோ எடையளவு அழுத்துகின்றது. விரைவு இருமடங்காயின் அழுத்தம் நான்மடங்காகும். துணி காற்றுக்கு வளைந்து கொடுப்பதால் இம்முழு விசையையும் அது ஏற்பதில்லை. ஆயினும், படபடவென்று அடித்துக்கொள்ளும்போது நொடிக்கு நொடி வெட்டியிழுக்கும் இழுப்பு, பிடியைச் சிறிது சிறிதாகத் தளர்த்திவிடும். கவ்வி தோற்பது பெரும்பாலும் எடைக்கன்று; இவ்விடையறாத அசைவுக்கே.

நம் முன்னோர் கவ்வியின்றி எங்ஙனம் சமாளித்தனர்? இரண்டு புரிகளை முறுக்கிக் கொடியாகக் கட்டி, துணியின் நுனியைப் புரிகளின் இடையே செருகிவிடுவது அவர் வழக்கம். இழுத்துக் கட்டிய கயிற்றில் புரிகள் ஒன்றையொன்று நெருக்குகின்றன. ஈரத்துணியின் பாரம் ஏற ஏறக் கயிறு மேலும் இறுகி நெருக்கம் மிகுகின்றது. பாரமே பிடியாக மாறும் இந்நுட்பத்தை மும்பையின் மகாலட்சுமி வண்ணான்துறையிற் காண்போர் வியவாதிரார். அங்கே வரிசை வரிசையாகத் தொங்கும் ஆடைகளுக்குக் கவ்வி கிடையாது. இனி, எடுத்துச் செல்லத்தக்க தொங்கற்கருவி யாதெனின், நம் வீடுகளில் தயிர்ப்பானை தாங்கிய உறியே அதற்கு முன்னோடி. உத்தரத்திலும் தொங்கும், மரக்கிளையிலுந் தொங்கும். கழற்றிச் சுருட்டினால் கைக்குள் அடங்கும். கித்தானின் மூலையில் ஒரு கூழாங்கல்லை வைத்து, அதன் கழுத்தைச் சுருக்கிட்டுக் கட்டும் முறையும் உண்டு. கல் சுருக்கைத் தாண்டி வெளிவர இயலாதாகையால், ஓரத்தில் துளையிடாமலே உறுதியான பிடி கிடைக்கின்றது. வைகை மணலில் இதற்கு வேண்டிய கல் விலையின்றியே அகப்படும்.

மேனாட்டில் நெடுங்காலம் வழங்கியது ஒற்றை மரத்துண்டைப் பிளந்து செய்த முளை. அதனைக் கயிற்றின்மேல் துணியோடு சேர்த்து மேலிருந்து அழுத்திச் செருகுவர். 1853-ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டு வெர்மான்ட் மாகாணத்து ஸ்பிரிங்ஃபீல்டு ஊரினரான டேவிட் எம். ஸ்மித் என்பார், இரு மரக்கைகளை வில்லால் இணைத்த கவ்விக்குக் காப்புரிமை பெற்றார். 1887-இல் அதே மாகாணத்தவரான சாலன் மூர், சுருட்டிய கம்பியே வில்லாகவும் சுழல்தானமாகவும் அமையுமாறு அதனைத் திருத்தினார். 1852 முதல் 1887 வரை அந்நாட்டில் வெவ்வேறு கவ்விகளுக்கு 146 காப்புரிமைகள் வழங்கப்பட்டன என்றால், இச்சிறு பொருளில் மனிதர் செலுத்திய மூளையை என்னென்பது! 1976-இல் ஃபிலடெல்ஃபியா நகரில் கிளேஸ் ஓல்டன்பர்க் என்னுஞ் சிற்பி 45 அடி உயரத்திற் கவ்வியொன்றை எஃகினால் நிறுத்தினார். துணி உலர்த்த அது பயன்படாது. ஆனால் சாலன் மூரின் கம்பிச்சுருளை நடுத்தெருவில் அண்ணாந்து பார்த்துக் கற்கலாம்.

கவ்வியின் இயல்பை அறிய நம் வீட்டுக் கருவிகளே போதும். கத்தரிக்கோலிற் சுழல்தானம் நடுவிலுள்ளது. பாக்குவெட்டியில் அது நுனியில் நிற்க, பாக்கு இடையில் அகப்படுகின்றது. இடுக்கியின் சில வகைகளில் விரல் இடையிலும் பிடிபொருள் நுனியிலும் அமைகின்றன. துணிக்கவ்வி கத்தரிக்கோலின் இனத்தது. ஆயினும் ஒரு வேற்றுமையைக் கருதுக: கத்தரிக்கோலில் நம் விரல் விசை பொருளை நெருக்குகின்றது, கவ்வியிலோ நெருக்குவது வில். விரல் அதனைத் திறப்பதற்கு மட்டுமே வருகின்றது. ஆகவே கவ்வியை அமைப்பவன் இரு தலைவர்க்கு ஊழியஞ் செய்ய வேண்டியவன். துணிக்கு வலிய பிடி வேண்டும். முதியவளின் விரலுக்கு எளிய திறப்பு வேண்டும்.

இவ்விரண்டையும் இணைப்பது கைகளின் நீள விகிதமே. கவ்வியின் மொத்த நீளம் 8 சென்டிமீட்டர் எனவும், சுழல்தானத்திலிருந்து வாய் 3 சென்டிமீட்டரும் பிடி 5 சென்டிமீட்டரும் உள்ளன எனவுங் கொள்வோம். வாயில் வில் 3 கிலோ எடையளவு நெருக்குமாயின், பிடியில் 1.8 கிலோ அளவு அழுத்தினால் வாய் திறக்கத் தொடங்கும். பிடியை இன்னும் நீட்டினால் திறப்பு எளிதாகும்; ஆனால் ஈட்டியதற்கு விலை கொடுக்க வேண்டும். பிடிகள் 1.5 சென்டிமீட்டர் நெருங்கும்போது இவ்வமைப்பில் வாய் 0.9 சென்டிமீட்டரே திறக்கின்றது. பிடி நீளின் அதுவுங் குறையும். போர்வையின் தடித்த மடிப்பு உள்ளே நுழையாது. கடையில் அழகாய்த் தோன்றும் நீண்ட கவ்விகள் பல இக்காரணத்தாலேயே கம்பளிக்கு உதவாமற் போகின்றன என்பது நம் கருத்து.

இனித் தாங்கும் எடை. நனைந்த துணிக்கும் மரத்திற்கும் இடையே உராய்வெண் 0.4 எனக் கொண்டால், இருபுறத்தும் உராய்வு இருத்தலின், தாங்கும் அளவு 2 × 0.4 × 3 = 2.4 கிலோ. காற்றின் அசைவைக் கருதிப் பாதியாகக் குறைத்து 1.2 கிலோ என்று வைத்தலே அறிவுடைமை. உராய்வெண்ணை நூலிற் பார்த்து எழுதுவதினும் தாமே அளந்தறிதல் மாணவர்க்கு நன்று. பலகையின்மேல் ஈரத்துணி சுற்றிய கட்டையொன்றை வைத்துப் பலகையை மெல்ல உயர்த்துக. கட்டை வழுக்கத் தொடங்கும் சாய்வு 22 பாகையாயின் உராய்வெண் ஏறத்தாழ 0.4 ஆகும்.

வில்லை வலுப்படுத்தாமலே பிடியை மிகுவிக்க வழியுண்டா? அதற்கு விடை கோச்சடையிலேயே உள்ளது. அங்குள்ள ஃபென்னர் தொழிற்சாலையாற் பெயர்பெற்ற ஆப்புவடிவ வார்ப்பட்டை, தட்டையான பட்டையைப்போல் உருளையின்மேற் கிடப்பதன்று. உருளையின் சரிந்த பள்ளத்தில் ஆப்புப்போல் இறங்குகின்றது. பள்ளத்தின் இரு சுவர்க்கும் இடையே 36 பாகை இருப்பின், பட்டையைக் கீழிழுக்கும் விசை சுவர்களின்மேல் மும்மடங்கிற்குச் சற்று மேற்பட்ட அழுத்தமாக மாறும். இதே நெறியைக் கவ்வியின் வாயிலும் புகுத்தலாம். கீழ்நோக்கிக் குறுகுமாறு ஒரு மரப்பிளவு அமைத்து, துணியின் நுனியைச் சிறு உருட்டுக்கோலிற் சுற்றி மேலிருந்து இறக்கிவிட்டால், துணியின் பாரமே கோலை மேலும் ஆழ இழுத்துப் பிடியை இறுக்கும். முறுக்குக் கயிற்றில் நாம் கண்டது இதுவே. வில்லுமில்லை, துருவுமில்லை. குறையொன்றுண்டு: காற்று கீழிருந்து தூக்கினால் கோல் கழன்றுவிடும். ஆதலின் வீட்டினுள்ளும் இரயிற்பெட்டியிலும் ஆப்புக்கவ்வியும், திறந்த வெளியில் விற்கவ்வியும் பொருந்தும்.

தொங்கவிடும் கொக்கியை எங்கே பொருத்துவது என்பதிலேயே பலர் கவனக்குறைவாய் இருக்கின்றனர். ஒரு கையின் முனையிற் கொக்கியை மாட்டினால், பாரம் ஏறியவுடன் கவ்வி சாய்ந்து, வாயின் ஒரு விளிம்பே முழு எடையையுந் தாங்கும். துணி அவ்விளிம்பில் நழுவும் அல்லது கிழியும். கொக்கியின் காம்பு சுழல்தானத்துக் கம்பிச்சுருளினூடே செல்ல வேண்டும். அப்போது எடைக்கோடு நடுவே இறங்கி, இரு கைகளும் ஒப்பப் பங்கு கொள்ளும். கொக்கியின் வாய் 2.5 சென்டிமீட்டர் அகன்றிருப்பின் சன்னற்கம்பி, ஆணி, சிறு கிளை யாவற்றிலும் மாட்டலாம். காம்பு தன்னைத்தானே சுழல இடங்கொடுத்தால், காற்றில் துணி திரும்பும்போது கொக்கி கழலாது.

பொருள்களைப் பற்றிச் சில சொற்கள். சாதாரண இரும்புக்கம்பி ஈரத்தில் துருவேறித் துணியிற் கறை பதிக்கும். வெள்ளைச் சட்டையிலாயின் எலுமிச்சஞ்சாறும் உப்பும் இட்டு வெயிலில் வைத்து நீக்கப் பார்க்கலாம். சாயமிட்ட சுங்குடிச் சேலையிற் பட்டாலோ, கறையோடு சாயமும் போகுமே என்று அஞ்ச வேண்டும். சற்று விலை கூடினும் துருப்பிடியா எஃகே சிறந்தது. பிளாஸ்டிக் கவ்விகள் மலிவானவை. ஆனால் வெயிலிலுள்ள புறஊதாக் கதிர் அவற்றை நாளடைவில் நொறுங்கச் செய்யும். மதுரை வெயிலுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. உலர்த்தியபின் அவற்றைக் கொடியிலேயே விடாமல் கழற்றி நிழலில் வைப்பின் ஆயுள் நீளும். முற்றிய மூங்கில் இலேசானது, வளைந்து கொடுப்பது. ஆயினும் மாறிமாறி நனைந்து உலர்வதால் பிளக்குமாகையால், எண்ணெய் ஊட்டிப் பயன்படுத்துக.

புதிய வடிவமொன்றை அமைத்தோர், 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தின்படி அதனைப் பதிவு செய்யலாம். முதலிற் பத்தாண்டும், நீட்டித்தால் மேலும் ஐந்தாண்டும் உரிமை கிடைக்கும். அச்சட்டங் காப்பது தோற்றத்தை மட்டுமே. செயல்முறைக்குக் காப்பு வேண்டுமாயின் காப்புரிமைச் சட்டத்தையே நாட வேண்டும்.

செய்து முடித்த கவ்வியை நேரே கொடிக்குக் கொண்டு செல்லற்க. ஈரத்துணிப் பையொன்றில் மணலை நிறுத்து 1.2 கிலோவாக்கி, பையின் மடித்த ஓரத்தைக் கவ்வச் செய்து, சன்னற்கம்பியில் ஓரிரவு தொங்கவிடுக. தொடக்கத்திற் கவ்வியின் வாயோரமாகப் பென்சிலால் துணியில் ஒரு கோடிடுக. விடியலிற் கோடு நகர்ந்திருப்பின் வில்லின் சுருளில் ஒரு சுற்று மிகுத்துப் பயனில்லை, அது வில்லை இளக்கவே செய்யும். கம்பியின் தடிப்பைச் சிறிது கூட்டுக. கோடு நகராதிருப்பின், பையைக் கையால் நூறு முறை ஆட்டி மீண்டும் பார்க்க. அதன் பின்னர் மொட்டைமாடிக்குக் கொண்டு போகலாம்.