தொண்டினால் வரும் தகுதி

மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குச் செல்லும் இருப்புப்பாதையில், கோவில்பட்டிக்குத் தெற்கே அமைந்த ஊர் கடம்பூர். இரயிலில் செல்வோர் பலர் இவ்வூரை அதன் போளியால் அறிவர். ஊரைச் சூழ்ந்து, கண்ணுக்கெட்டிய தொலைவு வரை கரிசல் நிலம் பரந்து கிடக்கிறது. இது வானம் பார்த்த பூமி. வடகிழக்குப் பருவமழையை நம்பி, புரட்டாசி, ஐப்பசித் திங்கள்களில் உழவர் விதைக்கின்றனர். உளுந்து, பாசிப்பயறு, கம்பு, சோளம், மக்காச்சோளம், பருத்தி, மிளகாய் ஆகியவை இந்நிலத்தின் பயிர்கள். தையும் மாசியும் பங்குனியும் விளைவு வீடு வந்து சேரும் காலம். மழை பொய்த்துவிட்டால் விதைத்த விதையும் திரும்பி வாராது.

ஆகவே, கரிசற்காட்டு உழவருக்கு வரவு பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறை, செலவோ நாள்தோறும். விதையும் உரமும், மருந்தும் படிப்பும், திருமணமும் இழவும் அறுவடைக்காகக் காத்திருப்பதில்லை. தீப்பெட்டித் தொழிலிலும் பிற வேலைகளிலும் பெண்கள் ஈட்டும் கூலி இந்த இடைவெளியைச் சிறிது நிரப்புகிறது. எஞ்சியதைக் கடன் நிரப்புகிறது. கடன் வாங்குவது குற்றமன்று. எவ்வளவு வாங்குகிறோம், எவரிடம் வாங்குகிறோம், எவ்வாறு திருப்பித் தருவோம் என்பதை அறியாமல் வாங்குவதே கேட்டிற்குக் காரணமாகும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் 10,000 ரூபாயை நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய் வட்டிக்கு வாங்குகிறார் எனக் கொள்வோம். 'ஐந்து வட்டி' என்னும் சொல் காதுக்குச் சிறியதாகவே ஒலிக்கும். ஆனால் மாதம் 500 ரூபாய் வட்டியாகப் போகிறது. பத்து மாதங்களில் 5,000 ரூபாய் செலுத்திய பின்னும் முதல் 10,000 ரூபாய் ஒரு காசும் குறையாமல் நிற்கும். அதே தொகையை நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டியில் வாங்கி, மாதம் 1,000 ரூபாய் வீதம் முதலைத் திருப்பிவந்தால், முதல் குறையக் குறைய வட்டியும் குறையும். முதல் மாதம் 100, அடுத்த மாதம் 90, அதற்கடுத்த மாதம் 80 என இறங்கி, பத்து மாதங்களில் மொத்த வட்டி 550 ரூபாயோடு முடியும், கடனும் தீரும். முன்னவர் வீட்டில் நகை அடகுக்குச் செல்கிறது. பின்பு நிலப்பத்திரமும் செல்கிறது. பின்னவர் வீட்டில் நிலம் நிலைத்து நிற்கிறது. இரு வீடுகளுக்கும் உள்ள வேறுபாடு இந்தச் சிறு கணக்கேயன்றோ?

கடும்வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003 ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றப்பட்டது. வைப்புத்தொகை பெற்று ஏமாற்றும் நிறுவனங்களிடமிருந்து மக்களைக் காக்க 1997 ஆம் ஆண்டிலேயே வேறொரு சட்டம் பிறந்தது. எனினும், சட்டம் இருப்பதை அறிந்தவர்க்கே சட்டம் துணையாகும். கையெழுத்து இடுவதற்கு முன் பத்திரத்தைப் படித்துப் பொருள் சொல்லவும், வரவுக்குத் தக்க செலவுத் திட்டம் வகுத்துத் தரவும், "இக்கடன் வேண்டா" என்று தக்க நேரத்தில் எடுத்துரைக்கவும் ஊர்தோறும் ஒருவர் வேண்டும். உடல் நோயை மருத்துவரிடம் கூறுவதற்கு நாம் தயங்குவதில்லை. கடனையோ கூடப் பிறந்தவரிடமும் மறைக்கிறோம். ஆதலின் பொருள்வழி கூறுபவருக்குக் கணக்கறிவு மட்டும் போதாது. பிறர் நம்பிக்கையும் வேண்டும். அந்நம்பிக்கையை விலைக்கு வாங்க இயலாது. ஊதியம் கருதாது உழைத்த தொண்டே அதனை ஈட்டித் தரும்.

இவ்வுண்மையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கண்டவர் செருமனி நாட்டு ரைபைசன் என்பவர். 1818 இல் பிறந்த அவர், சிற்றூர்களின் தலைவராகப் பணியாற்றினார். 1846, 1847 ஆம் ஆண்டுகளில் ஏற்பட்ட பஞ்சத்தில் உழவர் கடனில் மூழ்குவதைக் கண்டு வருந்தினார். பின்னர் அவர் வகுத்த கடன் சங்கங்களில் ஊரார் ஒருவரையொருவர் அறிந்தவராயிருந்தனர். ஒருவர் கடனுக்கு அனைவரும் பொறுப்பேற்றனர். சங்கத்தை நடத்தியோர் ஊதியம் பெறவில்லை. கணக்கருக்கு மட்டுமே ஊதியம் உண்டு. பிறர் பணத்தைக் காக்கும் பதவி, ஆதாயம் தேடும் இடமாக ஆகிவிடலாகாது என்பதே அவர் கருத்து.

சென்னை மாகாண அரசு 1892 ஆம் ஆண்டில் பிரெடரிக் நிக்கல்சன் என்னும் அதிகாரியை, ஐரோப்பாவின் வேளாண் வங்கிகளை ஆராயுமாறு பணித்தது. 1895 இலும் 1897 இலும் அவருடைய அறிக்கை வெளிவந்தது. ரைபைசன் போன்ற ஒருவரைக் கண்டுபிடிப்பதே நம் நாட்டிற்குத் தேவை என்பது அவ்வறிக்கையின் சாரம். குறைந்த வட்டியில் பணம் கொடுத்தால் மட்டும் உழவர் உயர்ந்துவிடார். சிக்கனமும் முன்யோசனையும் தற்சார்பும் கூடவே வளரவேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். 1904 இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வாண்டிலேயே, இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள திரூரில் ஒரு கடன் சங்கம் தோன்றியது.

நிக்கல்சன் தேடிய அந்த ஒருவரை, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டிற்குப் பின் தமிழகம் தன் பெண்களிடையே கண்டது எனலாம். 1989 ஆம் ஆண்டில் தருமபுரி மாவட்டத்தில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் துணையோடு மகளிர் குழுக்கள் தொடங்கப்பெற்றன. 1992 இல் தேசிய வேளாண் ஊரக வளர்ச்சி வங்கி, 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் சோதனைத் திட்டத்தை நாட்டளவில் மேற்கொண்டது. பின்பு மகளிர் திட்டம் என்னும் பெயரால் இம்முயற்சி தமிழகமெங்கும் பரவியது.

ஒரு குழுவில் பன்னிரண்டு முதல் இருபது மகளிர் வரை சேர்கின்றனர். பன்னிருவர் மாதம் நூறு ரூபாய் சேமித்தால், ஓராண்டில் 14,400 ரூபாய் திரண்டுவிடும். சிறு துளி பெருவெள்ளம் என்பது இதுவே. இத்தொகையிலிருந்து உறுப்பினர் தமக்குள் கடன் கொடுத்துக் கொள்கின்றனர். முறையான கூட்டம், முறையான சேமிப்பு, உள்கடன், தவறாத திருப்பம், செம்மையான கணக்கு ஆகிய ஐந்தும் குழுவின் நெறிகள். இவற்றைக் காப்பவர் ஊக்குநரும் பிரதிநிதிகளும் ஆவர்.

ஊக்குநரின் பணியைச் சற்று உற்று நோக்குவோம். அவர் தீர்மானப் புத்தகத்தில் கூட்ட நடவடிக்கைகளை எழுதுகிறார். ரொக்கப் புத்தகத்தையும், சேமிப்புப் பேரேட்டையும், கடன் பேரேட்டையும் வைத்துவருகிறார். உறுப்பினரின் கைப்புத்தகத்தில் உள்ள தொகையும் பேரேட்டில் உள்ள தொகையும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கிறார். பத்து ரூபாய் பிசகினாலும் கூட்டத்தில் விடை கூறவேண்டும். ஒருத்திக்குக் கடன் மறுக்கப்படும்போது காரணத்தைப் புண்படாமல் எடுத்துரைக்க வேண்டும். தவணை தவறியவளின் வீட்டில் நோயா, வேலையின்மையா, ஊதாரித்தனமா என்று அறிந்து வழி கூறவேண்டும். பகல் முழுவதும் காட்டிலோ தொழிற்சாலையிலோ உழைத்துவிட்டு, இரவில் விளக்கின் முன் அமர்ந்து இவ்வளவையும் செய்பவர் அவர். சில ஆண்டுகள் இவ்வாறு பணிசெய்தவர், தாம் அறியாமலே பொருள்வழி கூறும் கலையில் தேர்ச்சி பெற்றுவிடுகிறார்.

ஆனால் தேர்ச்சி வேறு, அதற்குச் சான்று வேறு. பல்லாண்டு கணக்கெழுதியும் சான்றிதழ் ஒன்றும் இல்லாதோர் பலர் உளர். இக்குறையைப் போக்கும் வழிகளும் இன்று அமைந்துள்ளன. 2011 ஆம் ஆண்டில் தொடங்கிய தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தில், குழுக்களில் நன்கு பணியாற்றிய பெண்களையே சமுதாய வளப் பயிற்றுநராகத் தேர்ந்தெடுக்கின்றனர். அவர்களுள் சிலர் நிதிக்கல்விப் பயிற்றுநராகின்றனர். வங்கிகள் நடத்தும் ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்களில் அவர்கள் பயில்கின்றனர். பின்னர்ச் சேமிப்பு, கடன், காப்பீடு, ஓய்வூதியம் ஆகியவற்றைப் பிற குழுக்களுக்குக் கற்பிக்கின்றனர். இப்பணிக்கு மதிப்பூதியமும் உண்டு. வங்கியின் ஊரகத் தொடர்பாளராக விரும்புவோர், 1928 இல் தோன்றிய வங்கியியல் நிறுவனம் நடத்தும் தேர்வை எழுதிச் சான்றிதழ் பெறுகின்றனர். கடன் பேரேட்டை எழுதிப் பழகிய கை அத்தேர்வின் வினாக்களைக் கண்டு நடுங்குவதில்லை.

பிற நாடுகளிலும் இம்முறை உண்டு. அமெரிக்காவில் பொருள்வழி ஆலோசகர் என்னும் சான்றுக்குப் படிப்பும் தேர்வும் மட்டும் போதா. 1,000 மணி நேரம் மக்களுக்கு ஆலோசனை கூறிப் பழகியிருத்தலும் வேண்டும். ஊதியமின்றி ஆற்றிய தொண்டும் அக்கணக்கில் சேர்த்துக் கொள்ளப்படுகிறது. அந்நாட்டில் 1969 முதல், எளியோரின் வருமானவரிப் படிவங்களை நிறைவுசெய்து தரும் தொண்டர் அமைப்பு ஒன்றும் இயங்கி வருகிறது. அத்தொண்டர்கள் தேர்வில் வெற்றி பெற்ற பின்னரே பணியில் அமர்கின்றனர். தொண்டு என்பதற்காக அறியாமை மன்னிக்கப்படுவதில்லை. பிழையான அறிவுரையால் இழப்பு எய்துபவர் ஏழையே என்பதை அவர்கள் உணர்ந்துள்ளனர்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். சான்றிதழுக்காக மணிக்கணக்கை மட்டும் நிரப்புபவர் தொண்டராகார். அறிவுரை கூறுபவர் போல வந்து, தரகுக்காகக் காப்பீட்டையோ சீட்டையோ விற்பவரும் தொண்டராகார். உண்மையான வழிகாட்டி, பிறர் கடன் விவரத்தைத் திண்ணையில் பேசார். பிறருடைய இரகசிய எண்ணைக் கேளார். ஏதேனும் ஒன்றை விற்பதால் தமக்கு ஆதாயம் உண்டெனின் அதனை முதலிலேயே சொல்லிவிடுவார். தமக்குத் தெரியாததைத் தெரியாது என்பார். பங்குகளில் முதலீடு செய்வதற்குக் கட்டணம் பெற்று ஆலோசனை கூற விரும்புவோர், 2013 ஆம் ஆண்டு விதிகளின்படி பங்கு பரிவர்த்தனை வாரியத்தில் பதிவு பெறுதல் வேண்டும். குழுக்கணக்கில் வல்லவர் என்பதனால் எல்லாவற்றிற்கும் வழி கூற முற்படுதல் தகாது. தம் எல்லையை அறிதலும் தகுதியின் ஒரு கூறே.

மாணவர்களே! இத்தொண்டிற்கு நீங்களும் இன்றே அடித்தளம் இடலாம். ஒரு நாற்பது பக்க ஏட்டில் உங்கள் வீட்டின் ஒரு மாத வரவுசெலவை எழுதிப் பாருங்கள். எழுத்தறியாத பாட்டியின் வங்கிப் புத்தகத்தைப் படித்து, இருப்பு எவ்வளவு என்று கூறுங்கள். உங்கள் அன்னையார் குழுவில் உறுப்பினராயின், அவருடைய கைப்புத்தகத்தைக் கூட்டிச் சரிபாருங்கள். 'மூன்று வட்டி' என்று எவரேனும் கூறக் கேட்டால், அது ஆண்டுக்கு நூற்றுக்கு முப்பத்தாறு என்பதைக் கணக்கிட்டுக் காட்டுங்கள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்றனர் நம் முன்னோர். அளக்கக் கற்றவரே பிறருக்கு அளந்து காட்ட வல்லவர்.

கரிசல் நிலம் ஒருமுறை பெய்த மழையைத் தன்னுள் தேக்கி வைத்து, மழை நின்ற பின்னும் பயிரைக் காக்கும் இயல்புடையது. ஒருமுறை வரும் வரவை ஆண்டு முழுவதும் காத்து நிற்கும் திறம் மக்களுக்கும் வேண்டும். அத்திறத்தை அண்டை வீட்டாருக்குக் கூலி கருதாது கற்பிப்பவர், தாமும் கற்கிறார். ஊராரின் நம்பிக்கையைப் பெறுகிறார். அதன் பின்னர்ச் சான்றிதழும் பெறுகிறார். ஊருக்கும் அவருக்கும் நன்மை தரும் வரிசை இதுவே.

வினாக்கள்

1. கரிசல் நிலத்து உழவரின் வரவும் செலவும் எவ்வாறு வேறுபடுகின்றன?
2. ரைபைசன் வகுத்த சங்கங்களின் இயல்புகள் யாவை?
3. ஊக்குநரின் பணிகளைத் தொகுத்து எழுதுக.
4. 20,000 ரூபாயை நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டியில் வாங்கி, மாதம் 2,000 ரூபாய் வீதம் முதலைத் திருப்பினால் மொத்த வட்டி எவ்வளவு? கணக்கிட்டு உம் வீட்டாருக்கு விளக்குக.