வாய்ப் புற்றுநோய்: சிகிச்சையைத் தீர்மானிக்கும் முன்

வேலைக் களைப்புக்கு வெற்றிலை போடுவது இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் பழைய வழக்கம். இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயே. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகவரகம் 2004இல் உறுதிப்படுத்தியது.

நோய் உறுதியானதும் வீட்டில் எழும் கேள்வி: வெட்டுவதா, கதிர் வைப்பதா, அப்படியே விடுவதா? ஒவ்வொன்றையும் நிதானமாகப் பார்ப்போம்.

1. சத்திரசிகிச்சை

கட்டி சிறிதாக இருக்கையில் இதுவே பெரும்பாலும் முதல் வழி. கழுத்து நெறிகளையும் அகற்ற வேண்டும் என்று வைத்தியர் சொன்னால் பலர் தயங்குகிறார்கள். மும்பை டாட்டா நினைவு வைத்தியசாலை 2015இல் வெளியிட்ட ஆய்வைக் கேளுங்கள். ஆரம்ப நிலையிலேயே நெறிகளையும் அகற்றியவர்களில் 100க்கு 80 பேர் மூன்று ஆண்டுகளின் பின் உயிருடன் இருந்தனர். கழுத்தில் கட்டி தெரியும்வரை காத்திருந்தவர்களில் ஏறக்குறைய 67 பேரே இருந்தனர். ஆனால் தோள்வலி, மரத்துப்போதல் வரலாம். நாக்கில் எவ்வளவு வெட்டப்படுகிறது என்பதைப் பொறுத்துப் பேச்சும் விழுங்குவதும் மாறும்.

2. கதிர்வீச்சு

வாரத்தில் ஐந்து நாட்களாக, ஆறு வாரமளவு நடக்கும். வாய் புண்ணாகும், உமிழ்நீர் வற்றும், சுவை குறையும். பழுதான பற்களை முன்னரே பிடுங்கிவிட வேண்டும். பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு கெடலாம். கண்டி வைத்தியசாலைக்குத் தினமும் போய்வர இயலாதவர்கள் தங்குமிடம் பற்றி முதல் நாளே கேளுங்கள். இடையில் நிறுத்தினால் பலன் குறையும்.

3. வேதனை தணிக்கும் பராமரிப்பு

நோய் முற்றியிருந்தால் வலியைக் குறைத்து, உண்ணவும் உறங்கவும் உதவுவதே சிகிச்சை. இதைத் தெரிவுசெய்வது நோயாளியைக் கைவிடுவதாகாது. மற்றச் சிகிச்சைகளோடும் இதைக் கேட்டுப் பெறலாம்.

இடம்பெயர்ந்தவர்களுக்கு

கிளினிக் அட்டையையும் தசைப் பரிசோதனை அறிக்கையையும் அடையாள அட்டையுடன் பொலித்தீன் உறையில் வையுங்கள். இருப்பிடம் மாறினால் கிளினிக்கிற்கு அறிவியுங்கள். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். ஆயினும் பஸ் செலவும் இழக்கும் நாட்கூலியும் உண்மையான செலவுகளே. அவற்றையும் குடும்பமாகக் கணக்கிடுங்கள். அறுவடை முடியட்டும் என்று மாதங்களைத் தள்ளினால் சிறு கட்டி பெரிதாகி, சிறு வெட்டும் பெரிய வெட்டாகும்.

வைத்தியரிடம் கேட்க

- நோய் எந்த நிலையில் உள்ளது?
- இச்சிகிச்சை குணமாக்கவா, வேதனை தணிக்கவா?
- பின்னர் சோறு தின்ன, பேச, மண்வெட்டி பிடிக்க முடியுமா?

குழுவில் கலந்துரையாட

1. நோயாளிக்கு உண்மையை மறைத்துக் குடும்பமே முடிவெடுப்பது சரியா?
2. ஒரு வீட்டார் ஆறு வாரம் கண்டியில் தங்க நேர்ந்தால், அவர்களின் பிள்ளைகளையும் தோட்டத்தையும் யார் பார்ப்பது?
3. இரண்டு வாரம் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு நம்மில் யாருக்கு இருக்கிறது? அவரோடு வைத்தியசாலைக்கு யார் போவது?